ஸ்காலாவில் பெயர் சொல்லி அழைப்பது: எட்டு வருடம் பயன்படுத்திய ஒருத்தியின் மதிப்புரை

தவணை(50000, 12, 24)

ஸ்காலா என்ற நிரல் மொழியின் நேம்டு பாராமீட்டர்களை, அதாவது மதிப்புகளைப் பெயர் சொல்லிக் கொடுக்கும் வசதியை, நான் மதிக்கத் தொடங்கியது இந்த ஒரு வரியால்தான். சிறிய கடன் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. எட்டு வருடமாக ஸ்காலாதான் அன்றாட மொழி. மேலே உள்ள மெத்தட் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் கோட் துண்டு) ஒரு கடனுக்கான தவணை அட்டவணையைத் தரும். அதற்கு மூன்று பாராமீட்டர்கள், அதாவது நாம் கொடுக்க வேண்டிய மதிப்புகள்: அசல், ஆண்டு வட்டி, மாதம். மூன்றுமே முழு எண்கள். (கோடில் நாங்கள் ஆங்கிலப் பெயர்கள்தான் வைக்கிறோம். இங்கே படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.)

50,000 ரூபாய்க் கடன், 12 சதவீத ஃப்ளாட் வட்டி (கடைசிவரை முழு அசலுக்கும் கணக்கிடுவது), 24 மாதம். புதிய திரை ஒன்றை எழுதியவர் அவசரத்தில் தவணை(50000, 24, 12) என்று அடித்துவிட்டார். கோடைச் சரிபார்த்து ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. எண் கேட்ட இடத்தில் எண் வந்திருக்கிறது, அதற்கு அது போதும்.

டெஸ்ட்டும் பாஸ் ஆனது. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறைக்கிறது. அந்த டெஸ்ட் பார்த்தது மொத்த வட்டியை மட்டும். 50,000 ரூபாய்க்கு 12 சதவீதத்தில் இரண்டு வருட வட்டி 12,000. 24 சதவீதத்தில் ஒரு வருட வட்டியும் அதே 12,000. பெருக்கலில் இரண்டு எண்கள் இடம் மாறினால் விடை மாறாது அல்லவா! ஆனால் மொத்தம் 62,000 ரூபாயை 24 மாதத்துக்குப் பிரித்தால் தவணை 2,583 ரூபாய் சொச்சம். 12 மாதத்துக்குப் பிரித்தால் 5,166 ரூபாய் சொச்சம். சோதனைக்காக அச்சடித்த தவணை அட்டையைக் கையில் வாங்கிய கணக்கர் அம்மா, "மாசம் அஞ்சாயிரத்துக்கு மேல யாரு கட்டுவா?" என்று கேட்டதால்தான் பிடிபட்டது. அவர் அன்று கேட்கவில்லை என்றால் அந்த அட்டை ஏதோ ஒரு வீட்டுக்குப் போயிருக்கும்.

பள்ளியில் தமிழாசிரியர்கள் 'புலி கொல் யானை' என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்வார்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? சொற்கள் மட்டும் நிற்கின்றன, உருபு இல்லை. 'ஐ' வந்தால் ஒரு பொருள், 'ஆல்' வந்தால் நேர் எதிரான பொருள். உருபு வெளிப்பட்டு நின்றுவிட்டால் சொற்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். 'பிள்ளைக்கு அம்மா சோறு ஊட்டினாள்', 'அம்மா சோறு ஊட்டினாள் பிள்ளைக்கு' இரண்டும் ஒன்றுதான். தவணை(50000, 24, 12) என்பது உருபு இல்லாத தொகை. தவணை(அசல் = 50000, மாதம் = 24, வட்டி = 12) என்பது உருபு விரிந்து நிற்கும் தொடர். இதில் மாதமும் வட்டியும் இடம் மாறித்தான் நிற்கின்றன, ஆனால் பொருள் மாறவில்லை. எட்டு வருடத்தில் புதிதாக வந்தவர்களுக்கு நேம்டு பாராமீட்டரை நான் விளக்கியது எல்லாம் இப்படித்தான். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, மொழிக்கு வருகிறேன். ஸ்காலா சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஓடர்ஸ்கி உருவாக்கியது. இலவசம், திறமூலம். டிஃபால்ட் பாராமீட்டரும் (மதிப்பு கொடுக்காவிட்டால் முன்கூட்டியே வைத்ததை எடுத்துக்கொள்வது) நேம்டு பாராமீட்டரும் முதலிலிருந்தே இருந்தவை அல்ல. 2010-இல் வந்த 2.8 பதிப்பில்தான் சேர்ந்தன. உலகுக்கே புதுசு என்றும் சொல்ல முடியாது. 1983-இலேயே அடா மொழியில் இரண்டும் இருந்தன. ஜாவாவில் இன்றுவரை இரண்டும் இல்லை. ஜாவாவிலிருந்து வந்த எனக்கு, ஒரே மெத்தடை மூன்று பாராமீட்டரோடு ஒன்று, நான்கோடு ஒன்று, ஐந்தோடு ஒன்று என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவதுதான் பழக்கம். ஸ்காலாவில் முதல் மாதம் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி, அந்த வரிசை ஒரே மெத்தடாகச் சுருங்கியது.

எங்கள் சங்கங்களில் பெரும்பாலான கடன்கள் 12 சதவீதம், 24 மாதம். அதனால் மெத்தடை எழுதும் இடத்திலேயே வட்டி = 12, மாதம் = 24 என்று வைத்துவிட்டோம். இப்போது தவணை(50000) என்றாலே போதும். 36 மாதக் கடன் என்றால் தவணை(50000, மாதம் = 36). நடுவில் உள்ள வட்டியைத் தாண்டி மாதத்தை மட்டும் சொல்ல முடிகிறது பாருங்கள், அதற்கு இரண்டு வசதியும் சேர்ந்தே இருந்தாக வேண்டும். டிஃபால்ட் இருந்து பெயர் இல்லாத மொழியில் மாதத்தைச் சொல்ல வேண்டுமானால் வட்டியையும் சொல்லியே ஆக வேண்டும்.

டிஃபால்ட் மதிப்பு எப்போது கணக்கிடப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்காலாவில் ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகக் கணக்கிடப்படும். தொடங்கும் தேதி = இன்று என்று டிஃபால்ட் வைத்தால், திங்கட்கிழமை அழைத்தால் திங்கட்கிழமை, செவ்வாய் அழைத்தால் செவ்வாய். பைத்தான் மொழியில் அப்படி இல்லை. அங்கே ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு தடவைதான் கணக்கிடப்படும். சர்வரை திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிவரை நிறுத்தாமல் ஓட்டினால் வெள்ளியன்றும் திங்கட்கிழமைத் தேதியே வரும். காலி லிஸ்ட்டை டிஃபால்ட்டாக வைத்தால் எல்லா அழைப்புகளும் ஒரே லிஸ்ட்டில் போய்ச் சேர்ப்பதும் இதனால்தான். தேதியோடு மாரடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்காலாவின் வழிதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

கேஸ் கிளாஸ் என்பது பல விவரங்களை ஒரே பதிவாக வைக்கும் அமைப்பு. அதன் காப்பி மெத்தட் இந்த வசதியின் மேல்தான் நிற்கிறது. ஒரு கடன் பதிவில் பதினான்கு விவரங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். கடன்.காப்பி(மாதம் = 36) என்றால் மற்ற பதின்மூன்றும் பழையபடியே இருக்க, மாதம் மட்டும் மாறிய புதிய பதிவு கிடைக்கும். உள்ளே நடப்பது எளிய விஷயம். காப்பிக்குப் பதினான்கு பாராமீட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் டிஃபால்ட் அந்தப் பதிவில் இப்போது உள்ள மதிப்பு. நாம் பெயர் சொன்னது மட்டும் மாறுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதை எழுதுகிறேன் என்று எண்ணியதில்லை, ஆனால் எழுதாத நாள் இல்லை.

இவ்வளவும் மெத்தடைப் பற்றியது. ஃபங்ஷன் வேல்யூவுக்கு, அதாவது ஓர் எண்ணைப் போலவே வேறு இடத்துக்குக் கொடுக்கக்கூடிய ஃபங்ஷனுக்கு, வந்தால் நிலைமை வேறு. இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் வந்து நின்றார். "அக்கா, தவணையை நேரா கூப்பிட்டா அசல் மட்டும் குடுத்தா போதும்ங்குது. அதையே மேப்புக்குள்ள குடுத்தா மூணும் கேக்குது. என்னக்கா இது?" அவர் எழுதியிருந்தது அசல்கள்.மேப்(தவணை). அசல்கள் என்பது எண்களின் லிஸ்ட். மேப் என்பது லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நாம் கொடுக்கும் ஃபங்ஷனை ஓட்டித் தருவது. ஒவ்வொரு அசலுக்கும் அட்டவணை வேண்டும், வட்டியும் மாதமும் டிஃபால்ட்படியே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். நியாயமான எண்ணம்தான். ஆனால் கம்பைலர் மறுத்தது.

மெத்தடும் ஃபங்ஷன் வேல்யூவும் ஸ்காலாவில் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்று அல்ல. மெத்தட் என்பது ஒரு கிளாஸுக்கோ ஆப்ஜெக்ட்டுக்கோ சொந்தமானது, அதைத் தனியாகக் கையில் எடுக்க முடியாது. அதை ஒரு மதிப்பாக வேறு இடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றால் கம்பைலர் அதை ஒரு ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்டுக்குள் வைத்துத் தருகிறது. ஈட்டா எக்ஸ்பான்ஷன் என்பார்கள். மூன்று பாராமீட்டர் மெத்தட் இப்படி மாறும்போது ஃபங்ஷன்3 என்ற டைப்பாக (மதிப்பின் வகையாக) ஆகிறது. அந்த டைப்புக்குத் தெரிந்தது நான்கே விஷயங்கள்: முதலாவது என்ன டைப், இரண்டாவது என்ன, மூன்றாவது என்ன, விடை என்ன. அசல், வட்டி, மாதம் என்ற பெயர்கள் அதில் இல்லை. 12, 24 என்ற டிஃபால்ட்டும் இல்லை. இரண்டும் மெத்தடோடேயே நின்றுவிடுகின்றன.

அவர் முன்னாலேயே 2.13 பதிப்பில் ஒன்று செய்து காட்டினேன். தவணையை எஃப் என்ற வேல்யூவாக வைத்துக்கொண்டு எஃப்(50000) என்று அழைத்தால் எரர். எஃப்(அசல் = 50000, வட்டி = 12, மாதம் = 24) என்று மூன்றையும் பெயரோடு கொடுத்தாலும் எரர். ஆனால் எஃப்(வி1 = 50000, வி2 = 12, வி3 = 24) என்றால் ஓடுகிறது! ஃபங்ஷன்3-க்குள் இருக்கும் அப்ளை என்ற மெத்தடில் பாராமீட்டர்களுக்கு லைப்ரரியை எழுதியவர்கள் வைத்த பெயர்கள் அவை. நம் பெயர்கள் உதிர்ந்து, உலகில் உள்ள எல்லா மூன்று பாராமீட்டர் ஃபங்ஷன்களுக்கும் பொதுவான வி1, வி2, வி3 ஒட்டிக்கொள்கின்றன. தம்பிக்கு அந்த நொடியில் விஷயம் விளங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் செய்து பாருங்கள். வேலை கோடில் யாரும் வி1 என்று எழுதிவிட வேண்டாம், படிக்கிறவருக்கு அது ஒன்றையும் சொல்லாது.

பெயர் உதிர்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. மேப் எழுதியவருக்கு நம் பாராமீட்டரின் பெயர் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நீளமும் அகலமும் வாங்கும் ஃபங்ஷனையும் அசலும் வட்டியும் வாங்கும் ஃபங்ஷனையும் ஒரே இடத்தில் மாற்றிப் போட முடிகிறது என்பதுதான் ஃபங்ஷன் வேல்யூவின் பலம். பெயர் டைப்பின் பகுதியாக இருந்தால் அந்தப் பலம் குறையும். ஒகாமல் மொழியில் லேபிள்கள் (பாராமீட்டருக்கு வைக்கும் பெயர்கள்) டைப்போடு சேர்ந்தவை. அங்கே ஃபங்ஷனை வேல்யூவாக வைத்தாலும் லேபிள் போகாது. பதிலுக்கு, லேபிள் இல்லாத ஃபங்ஷனை எதிர்பார்க்கும் இடத்தில் லேபிள் உள்ளதைக் கொடுத்தால் கம்பைலர் மறுக்கும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

டிஃபால்ட் உதிர்வதுதான் எனக்கு மனத்தாங்கல். தம்பி எழுதிய வரியில் குழப்பத்துக்கே இடமில்லை. மேப்புக்கு ஒரு பாராமீட்டர் ஃபங்ஷன் வேண்டும், தவணைக்குக் கட்டாயமான பாராமீட்டர் ஒன்றுதான். மற்ற இரண்டையும் கம்பைலரே டிஃபால்ட்டால் நிரப்பிக் கொடுத்திருக்கலாம். ஒகாமலில் விருப்பப் பாராமீட்டர்களுக்கு இது நடக்கிறது. பைத்தானிலும் ஃபங்ஷனை நேராக மேப்புக்குக் கொடுத்தால் டிஃபால்ட் வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்டே பெயரையும் டிஃபால்ட்டையும் சுமக்கிறது. சி ஷார்ப் மொழி 2023-இல் 12-ஆம் பதிப்பில் லாம்டாவுக்கே (பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதும் குட்டி ஃபங்ஷனுக்கே) டிஃபால்ட் வைக்க வழி செய்துவிட்டது. பெயர் விஷயத்தில் கோட்லின் மொழி ஸ்காலா பக்கம்தான். ஃபங்ஷன் டைப்பில் பாராமீட்டர் பெயரை எழுதலாம், ஆனால் அது படிப்பவருக்கான குறிப்பு மட்டுமே. அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க முடியாது.

இந்தக் குறையோடு எப்படி வாழ்கிறோம்? பத்துக்கு எட்டு தடவை லாம்டா ஒன்று போதும்: அசல்கள்.மேப்(அ => தவணை(அ)). உள்ளே நடப்பது மெத்தட் அழைப்பு, அதனால் டிஃபால்ட் வேலை செய்யும், பெயரும் சொல்லலாம். அ => தவணை(அ, மாதம் = 36) என்றும் எழுதலாம். நான்கைந்து எழுத்து கூடுதல், அவ்வளவுதான்.

ஃபங்ஷனையே பல இடங்களுக்கு அனுப்பி, போன இடத்திலும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்றால் சொந்தமாக ஒரு ட்ரெய்ட் (என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) எழுதுவோம். தவணைவிதி என்று ஒரு ட்ரெய்ட், அதற்குள் அப்ளை என்று ஒரே ஒரு மெத்தட், அதன் பாராமீட்டர்களுக்கு அசல், வட்டி = 12, மாதம் = 24. இப்படி ஒரே அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (உள்ளடக்கம் எழுதாமல் விட்ட மெத்தட்) உள்ள ட்ரெய்ட் கேட்கும் இடத்தில் 2.12 பதிப்பிலிருந்து லாம்டாவை நேராகக் கொடுக்கலாம். அழைக்கும் இடத்தில் விதி(50000, மாதம் = 36) என்று இயல்பாக எழுதலாம். பெயரும் நம்முடையது, டிஃபால்ட்டும் நம்முடையது. ஃபங்ஷன்3-க்கு உள்ள கர்ரீடு, டப்பிள்டு போன்ற வசதிகள் இதில் வராது. எனக்கு அவை தேவைப்பட்டது மிகக் குறைவு.

மூன்றாவது வழி, பாராமீட்டர்களை ஒரு கேஸ் கிளாஸில் வைத்து அதை ஒற்றைப் பாராமீட்டராக அனுப்புவது. கடன்கேள்வி(அசல் = 50000, மாதம் = 36) என்று. ஐந்துக்கு மேல் பாராமீட்டர் போனால் நான் யோசிக்காமல் இதற்குப் போய்விடுவேன்.

வேறு சில கசப்புகளும் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். பாராமீட்டரின் பெயர் இனி வெளியே தெரியும் விஷயம். ஒருமுறை மாதம் என்பதைக் காலம் என்று அழகாக மாற்றினேன், அதைப் பெயர் சொல்லி அழைத்த மற்றொரு குழுவின் கோட் அன்று மாலை கம்பைல் ஆகவில்லை. பழைய பெயரையும் சில காலம் ஏற்கச் சொல்லும் அன்னோட்டேஷன் (கம்பைலருக்கான குறிப்பு) ஒன்று ஸ்காலாவில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அப்புறம், ஒரே பெயருள்ள ஓவர்லோட் மெத்தடுகளில் ஒன்றுக்கு மட்டும்தான் டிஃபால்ட் வைக்க அனுமதி. ஜாவாவில் எழுதிய மெத்தடுகளைப் பெயர் சொல்லி அழைக்கவும் முடியாது.

ஜார் (கம்பைல் ஆன கோடை ஒன்றாகக் கட்டிய ஃபைல்) விஷயம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ராத்திரியில் கெடுக்கும். இருக்கும் மெத்தடின் கடைசியில் சலுகைநாள் = 0 என்று ஒரு டிஃபால்ட் பாராமீட்டரைச் சேர்க்கிறீர்கள். பழைய அழைப்புகள் எதையும் தொட வேண்டாம், கம்பைல் செய்தால் எல்லாம் ஓடும். ஆனால் ஏற்கெனவே கம்பைல் ஆன வேறொரு ஜார் இதே மெத்தடைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால்? அது மூன்று பாராமீட்டர் மெத்தடைத் தேடும். இப்போது இருப்பது நான்கு பாராமீட்டர் மெத்தட். டிஃபால்ட் மதிப்புகளை கம்பைலர் தனித்தனிக் குட்டி மெத்தடுகளாக எழுதி, அழைக்கும் இடத்தில் அவற்றைக் கூப்பிடும்படி வைக்கிறது. அந்த ஏற்பாடு முழுவதும் கம்பைல் செய்யும் நேரத்தில் நடப்பது. பழைய ஜாருக்கு அது தெரியாது. ஓடும்போது நோ சச் மெத்தட் எரர் வந்து நிற்கும். எங்கள் இரண்டு ஜார்களுக்கு நடுவே இது நடந்தது. எது புதுசு எது பழசு என்று கண்டுபிடிக்க இரவு பதினொன்று ஆனது. வெளியாருக்குக் கொடுக்கும் லைப்ரரி என்றால் பழைய மூன்று பாராமீட்டர் மெத்தடையும் விட்டுவைப்பதுதான் இப்போது எங்கள் வழக்கம்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? எண்களும் ட்ரூ, ஃபால்ஸும் (ஆம், இல்லை என்ற மதிப்புகள்) நிறைந்த மெத்தடுகளோடு வேலை செய்கிற எவருக்கும். ட்ரூ, ஃபால்ஸ் பற்றி ஒரு வார்த்தை: அனுப்பு(ரசீது, ட்ரூ, ஃபால்ஸ்) என்ற வரியைப் பார்த்து எது அச்சிடச் சொல்கிறது, எது எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 2.13 வரிசையின் பிந்தைய பதிப்புகளில், இப்படிப் பெயரில்லாமல் கொடுத்த ட்ரூ, ஃபால்ஸுக்கு எச்சரிக்கை தரும் கம்பைலர் விருப்பம் ஒன்று உண்டு. எங்கள் புராஜெக்ட்டில் அதைப் போட்ட அன்று இருநூற்றுச் சொச்சம் எச்சரிக்கை வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினோம். எழுதும்போதே இரண்டு இடங்களில் ட்ரூவும் ஃபால்ஸும் இடம் மாறி நிற்பதைக் கண்டோம். எவ்வளவு நாளாக அப்படி நின்றதோ.

மெத்தட் அளவில் ஐந்துக்கு ஐந்து தருவேன். ஃபங்ஷன் வேல்யூவுக்கு வந்தால் ஐந்துக்கு இரண்டரை, அந்த இரண்டரையும் லாம்டாவின் எளிமைக்காக. அந்தத் தவணை மெத்தட் இன்னும் இருக்கிறது, இப்போது கடன்கேள்வியை வாங்கிக்கொள்கிறது. அதன் டெஸ்ட்டில் மொத்த வட்டி 12,000 என்ற வரிக்குக் கீழே, மாதத் தவணை 2,583 என்று இன்னொரு வரி சேர்த்திருக்கிறோம். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அந்த வரியைக் காட்டுகிறேன்.